வாட்டர் ஃபில்டர் விளக்கைத் தயிருக்குக் காட்டிய கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாட்டர் ஃபில்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பாதி வீடுகளில் சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தால் என் ஸ்டிக்கர் இருக்கும். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு அக்கா வீட்டுக்கு யூவி விளக்கு, அதாவது தண்ணீரில் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு, மாற்றப் போனேன். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த காலத்திலிருந்தே மாடு வளர்ப்பவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தை இடித்து, தாமானுக்கு வந்த பிறகும் தயிர் உறைய வைத்து விற்பதை விடவில்லை.

கழற்றிய விளக்கைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே எரியுது தம்பி, ஏன் மாத்தணும்?" என்றார். எல்லா வீட்டிலும் வரும் கேள்விதான். நாம் பார்க்கும் நீல வெளிச்சத்துக்கும் கிருமி சாவதற்கும் சம்பந்தமில்லை. கொல்வது கண்ணுக்குத் தெரியாத 254 நானோமீட்டர் கதிர். ஏறக்குறைய 9000 மணி நேரம், அதாவது ஒரு வருஷம் ஓடிய விளக்கில் நீலம் அப்படியே இருக்கும், அந்தக் கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். வழக்கமான இந்தப் பதிலைச் சொல்லி முடித்தேன். அக்கா அடுத்ததாக ஒன்று கேட்டார். "அப்போ இதைத் தயிர்ச் சட்டிக்கு மேல பிடிச்சா தயிர் உறையாதா?"

"உறையாதுக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது தப்பு என்று தெரிய இரண்டு வாரம் ஆனது.

இரவு சாப்பிடும்போது இதைச் சொன்னேன். மகள் படிவம் 6, உயிரியல் எடுக்கிறாள். "எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி சாகாதுப்பா. அதோட டிஎன்ஏ எந்த எழுத்தால ஆனதுன்னு பாக்கணும்" என்றாள். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள்.

டிஎன்ஏவில் நான்கு எழுத்துகள். அடினின் எப்போதும் தைமினோடு ஜோடி, குவானின் சைட்டோசினோடு. ஜோடி மாறாது. ஆனால் எந்த ஜோடி எவ்வளவு என்பது ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் வேறு. குவானின்–சைட்டோசின் ஜோடியின் பங்கைத்தான் ஜிசி சதவீதம் என்கிறார்கள். சீழ்க்கட்டியில் வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு அது 33 போல. குடலில் இருக்கும் ஈ.கோலைக்கு 50, 51. தோலில் வாழும் மைக்ரோகாக்கஸ் லூட்டியஸுக்கு 70க்கும் மேல்.

யூவி என்ன செய்கிறது என்றால், ஒரே இழையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தைமினை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. 1960ல் நெதர்லாந்தில் பாய்கர்ஸ், பெரெண்ட்ஸ் என்ற இருவர் உறைய வைத்த தைமின் கரைசலில் யூவியைப் பாய்ச்சி இதைக் கண்டார்கள். ஒட்டிய இடத்தில் நகல் எடுக்கும் வேலை சிக்கிக்கொள்ளும். ஆக, தைமின் அதிகமுள்ள, அதாவது ஜிசி குறைந்த பாக்டீரியா யூவியில் சீக்கிரம் சாக வேண்டும்.

எக்ஸ்ரேயிலும் காமா கதிரிலும் கதை தலைகீழ். 1962ல் காப்லானும் ஸவாரினும் பல பாக்டீரியாக்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில், ஜிசி ஏற ஏற எக்ஸ்ரேக்குச் சாவது எளிதாகிக்கொண்டே போனது. காப்லான் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சையை வளர்த்த டாக்டர் ஹென்றி காப்லான்தான். அதே எழுத்துகள், ஒரு கதிருக்குப் பலவீனம், இன்னொன்றுக்குப் பலம். எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரே விளக்கை எல்லா வீட்டிலும் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எக்ஸ்ரே நம் கைக்கு எட்டாது. 1984ஆம் வருஷத்து அணுசக்தி உரிமச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. யூவி விளக்கு என் லோரியில் டஜன் கணக்கில் கிடக்கிறது. கிருமிக்கு எங்கே போவது? நோய்க்கிருமியை வீட்டில் வளர்க்க மனைவி விடமாட்டாள், விடவும் கூடாது. மகள்தான் கண்டுபிடித்தாள். அக்காவின் தயிரே போதும். தயிரில் முக்கியமாக இரண்டு பேர். கோல் வடிவில் லாக்டோபேசில்லஸ் பல்காரிக்கஸ், ஜிசி 50க்கு ஒரு மயிரிழை கீழே. மணிமாலை போலக் கோத்துக்கொண்டு நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், ஜிசி 39. இரண்டின் டிஎன்ஏ நீளமும் கிட்டத்தட்ட ஒன்று, 18 லட்சம் ஜோடி சொச்சம். நீளம் ஒன்றாக இருப்பதால், அடிபடும் இலக்கு பெரிது சிறிது என்ற வம்பு இல்லை. வித்தியாசம் எழுத்தில் மட்டும்.

கணக்கும் போட்டோம். 39 ஜிசி என்றால் தைமின் 30.5 சதவீதம். எழுத்துகள் சும்மா கலந்து கிடப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு தைமின் அடுத்தடுத்து வருவது நூறு இடத்தில் 9.3. மற்றதற்கு 6.3. ஒன்றரை மடங்கு. அப்படியானால் மாலைக்காரர் முதலில் சாக வேண்டும், கோல்காரர் தாக்குப்பிடிக்க வேண்டும். ரசீதின் மூலையில் "கோல் ஜெயிக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டி செய்வது ஒரு சனிக்கிழமை வேலை. காலி பிஸ்கட் டின் ஒன்று, பெரியது. மேலே 11 வாட் விளக்கு, அதற்குக் கரண்டை அளந்து கொடுக்கும் பேலஸ்ட் வெளியே. உள்ளே சுற்றிலும் அலுமினியத் தாள் ஒட்டினேன், இந்தக் கதிரை அலுமினியம் நன்றாகத் திருப்பி அடிக்கும். கதவு திறந்தால் கரண்ட் போக, பழைய ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கதவு சுவிட்சை மாட்ட வேண்டும். மாட்டினேன், ஆனால் முதல் சோதனைக்குப் பிறகு. எரிகிறதா பார்க்கலாம் என்று கதவை இரண்டு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தது, அப்புறம் இன்னொரு தடவை பார்த்தது, எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் இருக்குமா? ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரிச்சல். கண்ணாடி இல்லாமல் வெல்டிங் செய்தவர்களுக்கு வருமே, அதே. ஈரத்துணியைக் கண்ணில் போட்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் கதவு சுவிட்சை முதலில் மாட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இன்னொரு சிக்கல் நேரம். இந்த விளக்கு போட்டவுடனே முழு வலுவுக்கு வராது, சூடேறச் சில நிமிடம் பிடிக்கும். நமக்கு வேண்டியதோ 5 வினாடி, 10 வினாடி. சுவிட்சை வைத்து அதைச் செய்ய முடியாது. அதனால் விளக்கை எரியவிட்டே, நடுவில் இன்னொரு டின் மூடியை இழுத்துத் தள்ளும் கதவாக வைத்தேன். வெளியே நீட்டிய கம்பியை இழுத்தால் திறக்கும், விட்டால் ரப்பர் பேண்ட் மூடிவிடும். ரப்பர் ஊரில் பிறந்தவனுக்கு ரப்பர் பேண்டுக்கா பஞ்சம்.

முதல் சோதனை படு சொதப்பல். ஒரு கரண்டி தயிரைத் தட்டில் பரப்பி, பத்து நிமிடம் காட்டி, அதை உறையாகப் பாலில் ஊற்றினேன். மறுநாள் காலையில் பசியாற உட்காரும்போது தயிர் கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருந்தது. வெள்ளையாக இருக்கும் எதிலும் இந்தக் கதிர் உள்ளே போகாது. மேல்தோலில் இருந்தவை செத்திருக்கும், அதற்குக் கீழே எல்லாரும் நிழலில் சுகமாக இருந்திருப்பார்கள். ஃபில்டரில் கலங்கல் தண்ணீர் வந்தால் யூவி வேலை செய்யாது, முதலில் வண்டலை வடிகட்டுங்கள் என்று தினமும் நாலு பேருக்குச் சொல்பவன் நான். தயிர் வந்ததும் மறந்துவிட்டேன்.

சரி, நீர்க்க வேண்டும். மருந்துக்கடையில் விற்கும் 0.9 சதவீத உப்புநீர் பாட்டில் வாங்கி, ஒரு மில்லி தயிரை ஒரு லிட்டரில் கலக்கினோம். அந்த நீர் பார்வைக்குச் சுத்தமாகிவிட்டது. அதைச் சாசரில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றி, மூடாமல் விளக்குக்குக் கீழே வைக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி மூடியோ பிளாஸ்டிக் மூடியோ போட்டால் கதிர் அதோடு நின்றுவிடும். ஃபில்டரில் விளக்கைச் சுற்றி குவார்ட்ஸ் குழாய் போடுவதே அதனால்தான்.

எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணுவதற்கு மகள் சொன்ன வழி எளிது. காட்டிய நீரைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் 12 குழாய்ப் பாலில் ஒவ்வொரு சொட்டு. உயிருள்ள ஒன்று விழுந்த குழாய் உறையும், விழாதது பாலாகவே இருக்கும். சில குழாய் உறைந்து சில உறையாத படிதான் நமக்கு வேண்டியது. அங்கே உறைந்த குழாயில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான் விழுந்திருப்பான். காய்ச்சிய பாலில் கிருமிகளின் வித்துகள் தப்பிவிடும் என்பதால் பெட்டிப் பால், அதாவது யூஎச்டி பால். குழாய்களை குக்கரில் 20 நிமிடம் வேகவைத்தோம். கோழிமுட்டை பொரிக்கும் பெட்டிக்கு விற்கும் தெர்மோஸ்டாட்டை ஒரு பழைய போலிஸ்டைரீன் மீன் பெட்டியில் மாட்டி, 10 வாட் பல்பு வைத்து 42 டிகிரியில் நிறுத்தினேன். மீன் நாற்றம் கடைசிவரை போகவில்லை.

வெளிச்சம் பட்டால் யூவியில் அடிபட்ட சில பாக்டீரியா மீண்டுவிடும், 1949ல் கெல்னர் என்பவர் பார்த்தது. ஒட்டிய தைமின்களைப் பிரித்துக்கொள்வதுதான் காரணம். அதனால் காட்டியவுடன் எல்லாவற்றையும் கறுப்புத் துணியில் மூடினோம். அடுப்படி இருட்டில் இரண்டு பேர் டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு பால் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றும் கேட்காமல் டிவி பார்க்கப் போய்விட்டாள்.

யார் பிழைத்தது என்பதற்கு மைக்ரோஸ்கோப். மகளின் டியூஷன் ஆசிரியர் கொடுத்த பழையது, 400 மடங்கு. சாயத்துக்கு மீன்தொட்டிக் கடையில் விற்கும் மெத்திலீன் நீலம், மீனுக்குப் பூஞ்சை வந்தால் ஊற்றுவார்களே, அது. ஒரு சொட்டுத் தயிரைக் கண்ணாடியில் தேய்த்து, காயவைத்து, நீலம் போட்டுக் கழுவிப் பார்த்தால் கோலும் மாலையும் பளிச்சென்று தெரியும். முதல் தடவை பார்த்தபோது என்னை அறியாமல் "அட" என்றேன். நாற்பது வருஷமாகத் தின்றுகொண்டிருந்தவர்களை நேரில் பார்ப்பது வேறு.

முதல் சுற்றில் எதுவும் புரியவில்லை. எல்லாக் குழாயிலும் இரண்டும் கலந்து, இல்லையென்றால் உறையவே இல்லை. தனியாக விழுந்தவன் பட்டினியில் தவிக்கிறான் என்று மகள் கண்டுபிடித்தாள். தயிரில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சோறு போட்டு வாழ்கின்றன. கோல் பாலின் புரதத்தை உடைத்து மாலைக்குக் கொடுக்கும். மாலை பதிலுக்குப் பார்மிக் அமிலம் கொடுக்கும். அதை வைத்துத்தான் கோல் தன் டிஎன்ஏவுக்கு வேண்டிய அடினினையும் குவானினையும் கட்டுகிறது.

பார்மிக் அமிலம் என்றதும் நான் நிமிர்ந்துவிட்டேன். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வாளியில் வரும் பால் கெட்டுப்போகாமல் இருக்க அமோனியா, ஸ்டோரில் தட்டில் ஊற்றி உறையவைக்கப் பார்மிக். எங்களுக்கு அதன் பெயர் வெறும் ஆசிட்தான். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அம்மாவின் சட்டையில் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும். மரத்துப் பாலை உறையவைக்க லோரியில் வந்திறங்கிய சாமானை, மாட்டுப் பாலுக்குள் ஒரு கிருமி சொட்டுச் சொட்டாகத் தானே செய்துகொண்டிருக்கிறது.

பட்டினிக்கு மருந்து மார்மைட். ஒரு லிட்டர் பாலுக்கு அரைத் தேக்கரண்டி. ஈஸ்ட் சாறு என்பதால் இருவருக்கும் வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. பால் காப்பி நிறத்துக்கு வந்தது, தனியாக விழுந்தவர்களும் வளர்ந்தார்கள். விளக்குக் காட்டாத வரிசையில் கோலும் மாலையும் கிட்டத்தட்ட சரிபாதி. இனிமேல்தான் உண்மையான போட்டி.

20 வினாடி காட்டியது. பன்னிரண்டு குழாயில் ஏழு உறைந்தன. ஆறில் மாலை மட்டும், ஒன்றில் இரண்டும். கோல் தனியாக ஒன்றில்கூட இல்லை. நான் கையெழுத்துப் போட்ட ரசீதை மகள் ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

மைக்ரோஸ்கோப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் புத்தியில் பட்டது. மாலை என்பது ஒரு ஆள் இல்லை. பத்து, பதினைந்து பேர் வரிசையாகக் கைகோத்து நிற்பது. குழாயில் விழுவது முழு மாலை. அதில் ஒன்பது பேர் செத்து ஒருவர் பிழைத்தாலும் அந்தக் குழாய் உறைந்துவிடும். லயம் மாதிரிதான். பத்து வீட்டில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தாலும் லயத்தில் ஆள் இருக்கிறது என்றுதான் கணக்கு. எழுத்தில் ஒன்றரை மடங்கு பலவீனம் இருந்து என்ன, கூட்டமாக நின்றவனை எண்ணும் முறையே காப்பாற்றிவிட்டது.

அடுத்த வாரம் மாலையை அறுத்தோம். உப்புநீர்ப் பாட்டிலில் தையல் கடையில் வாங்கிய கண்ணாடிப் பாசிமணியை வேகவைத்துப் போட்டு, கை வலிக்கும்வரை குலுக்கினேன். நீலம் போட்டுப் பார்த்தால் மாலைகள் இரண்டு மூன்று மணியாக உடைந்திருந்தன. மறுபடியும் 20 வினாடி. இந்தத் தடவை எட்டு உறைந்தன. நான்கில் கோல், மூன்றில் மாலை, ஒன்றில் இரண்டும்.

நான்குக்கு மூன்று என்பதை வைத்துக்கொண்டு யாரும் பட்டாசு வெடிக்க முடியாது. இன்னொரு தடவை செய்தால் மாறிவிடும் எண்ணிக்கை அது. நான் ஜெயித்தேன் என்றும் சொல்லவில்லை. முதல் தடவையும் இரண்டாம் தடவையும் எழுத்துகள் அதேதான், மாறியது குலுக்கல் மட்டும். அது போதும், முடிவைப் புரட்டிப் போட. தயிரின் வெண்மை அதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டியது. எழுத்தின் விளைவு இருக்கிறது, ஆனால் அது கீழ்ஸ்தாயி. மேலே மற்ற சத்தங்கள் அடங்கினால்தான் காதில் விழும்.

காமா பக்கமும் இப்படித்தான் என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதல். 1956ல் அமெரிக்காவின் ஓரிகனில் டின் இறைச்சியைக் காமா கதிரால் சுத்தப்படுத்திப் பார்த்தார்கள். ஒரு டின் கெட்டுப்போனது. உள்ளே இருந்த இளஞ்சிவப்புக் கிருமிக்கு இப்போது டைனோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் என்று பெயர். அதன் ஜிசி 67 சதவீதம் அளவில். காப்லான் கண்ட வரிசைப்படி முதலில் சாக வேண்டியது. கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு. சிகிச்சை இல்லாத மனிதனை 5 கிரேயே கொன்றுவிடலாம் என்னும்போது, இது 5000 கிரேயை வாங்கிக்கொண்டு சில மணி நேரத்தில் துண்டு துண்டான டிஎன்ஏவைத் திரும்பக் கோத்துவிடுகிறது. டிஎன்ஏவின் பிரதிகள் பல வைத்திருக்கிறது, பழுதுபார்க்கும் புரதங்களை மாங்கனீசு காவல் காக்கிறது. என் தொழில்காரன். உடையாமல் இருப்பதில் அவன் கெட்டிக்காரன் இல்லை, சர்வீஸில் கெட்டிக்காரன்.

பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி ஆய்வு நிலையத்தில் காமா கதிர் வீசும் கோபால்ட்-60 வைத்து மருத்துவச் சாமான்களைச் சுத்தம் செய்வதும் இந்தக் காரணத்தால்தான் தாராளமான அளவில். உலகம் முழுக்க இதற்குப் பரவலாக வைத்திருக்கும் அளவு 25,000 கிரே. எந்தக் கிருமிக்கு எந்த எழுத்து என்று யாரும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஃபில்டரிலும் அதேதான். விளக்கு புதிதாக இருக்கட்டும், தண்ணீர் தெளிவாக இருக்கட்டும், மெதுவாக ஓடட்டும்.

தப்பாகப் பதில் சொன்னதைச் சரிசெய்ய அக்கா வீட்டுக்குப் போனேன். பெட்டியையும் உறைந்த எட்டுக் குழாய்களையும் எடுத்துக்கொண்டு மகளும் வந்தாள். தயிர் உறைந்துவிடும் என்றும் ஏன் என்றும் சொன்னேன். அக்காவுக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. குழாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தேன். மோந்து பார்த்தார். நான்கை வலது பக்கம் வைத்தார், "இது புளிப்பு ஏறும், தயிர் வாசம் இருக்கு". மூன்றை இடது பக்கம், "இது சப்புன்னு இருக்கு, பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாம்". ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இதுதான் நம்ம தயிர்" என்றார்.

குழாயின் அடியில் ஒட்டியிருந்த எண்களை மகள் நோட்டில் சரிபார்த்தாள். இடது பக்கத்தில் இருந்ததில் ஒன்று கோல், அதைப் போல வலதில் ஒன்று மாலை. மற்ற ஆறும் சரி. கையில் வைத்திருந்தது, இரண்டும் இருந்த குழாய்.

"மீன் வாடை வருதே தம்பி, எதுல வச்ச?" என்று மட்டும் கேட்டார்.